168 சதுர அடி அறைக்கு எத்தனை லிட்டர் பெயின்ட், எத்தனை லிட்டர் பிரைமர்?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி, தன் படுக்கையறைக்கு பெயின்ட் அடிப்பது பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அறை 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். ஒரு கதவு, இரண்டு ஜன்னல், 12 அடிச் சுவர் ஒன்றில் முழு நீளத்துக்கு லாஃப்ட். ஜன்னல் உள்ள 14 அடிச் சுவரில் குழாய்க் கசிவால் ஓதம் ஏறி, கசிவைச் சரிசெய்த பிறகு புதிதாகச் சிமென்ட் பூச்சு பூசிப் பட்டியும் (சுவரை வழவழப்பாக்கும் மாவுப் பூச்சு) பார்த்திருக்கிறார்கள். அந்தக் கசிவு சீலிங் மூலையில் ஒரு பழுப்புக் கறையையும் விட்டுப் போயிருக்கிறது. மற்ற மூன்று சுவர்களில் பழைய வெளிர்பச்சை. இனி மூன்று சுவர் கிரீம், கட்டிலின் தலைமாட்டுச் சுவர் மட்டும் மெரூன்.

பெயின்டர் கொடுத்த பட்டியல்: சுவருக்கு எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) 10 லிட்டர், பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) 10 லிட்டர், சீலிங்குக்கு வெள்ளை 4 லிட்டர். வாசகியின் கணக்கு வேறு. எமல்ஷன் டப்பாவில் “லிட்டருக்கு 120–140 சதுர அடி, இரண்டு கோட்டிங்” என்று இருக்கிறது. அறை 168 சதுர அடி, அதை 130-ஆல் வகுத்தால் 1.3 லிட்டர்; இரண்டு கோட்டிங்குக்கு இரட்டிப்பாக்கினால் 2.6. “3 லிட்டரில் முடிவதற்கு 10 லிட்டர் கேட்கிறாரே, ஏமாற்றுகிறாரா?” என்பது அவர் கேள்வி. போதாததற்கு, பிரைமரே தேவையில்லை, ஒரு கோட்டிங் கூடுதலாக அடித்தால் போதும் என்று அண்ணன் சொல்கிறாராம்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் சந்தேகத்துக்குப் பதில்: பெயின்டரின் பட்டியலில் கூடுதல் இருக்கிறது. ஆனால் உங்கள் 3 லிட்டரும் போதாது. அண்ணன் சொல்வதைக் கேட்டால், புதிதாகப் பூசிய சுவரில்தான் முதலில் வருத்தப்படுவீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முடிவாக வாங்க வேண்டிய அளவையும் சொல்லிவிடுகிறேன்.

தரையை அல்ல, சுவரை அளங்கள்

168 சதுர அடி என்பது உங்கள் அறையின் தரை. பெயின்ட் ஏறப்போவது சுவரில். அறையின் சுற்றளவு 14+12+14+12 = 52 அடி. அதை உயரம் 10 அடியால் பெருக்கினால் நான்கு சுவரும் சேர்ந்து 520 சதுர அடி. தரையைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

தரைப் பரப்பை மூன்றரையால் பெருக்கினால் சுவரும் சீலிங்கும் சேர்ந்த பரப்பு வந்துவிடும் என்று ஒரு குத்துமதிப்பு சொல்வார்கள். உங்கள் அறை சதுரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அது ஓரளவு பொருந்தும். எல்லா அறைக்கும் பொருந்தாது. இதே 168 சதுர அடி 24-க்கு 7 என்று நீளவாக்கில் இருந்தால் சுற்றளவு 62 அடி, சுவர் 620 சதுர அடி. தரை மாறவில்லை, சுவர் 100 சதுர அடி கூடிவிட்டது. அதனால் டேப் பிடித்து அளப்பதற்கு மாற்று இல்லை. அளக்கும்போது ஒவ்வொரு சுவரையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்பது கீழே புரியும்.

520-இல் கதவு 7-க்கு 3, அதாவது 21 சதுர அடி. 4-க்கு 4 ஜன்னல் இரண்டு, 32 சதுர அடி. இவற்றைக் கழித்தால் 467. (நீங்கள் கதவு ஜன்னல் அளவு எழுதவில்லை, இவை நான் வைத்துக்கொண்ட அளவுகள். உங்கள் அளவைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.) கழிப்பதைச் செய்கிற பலர், கூட்ட வேண்டியதை மறந்துவிடுகிறார்கள். ஜன்னலைச் சுற்றிச் சுவரின் தடிமன் உட்பக்கம் தெரியும் இல்லையா, அதற்கும் பெயின்ட் வேண்டும். கீழே கல் பதித்திருந்தால் மீதி மூன்று பக்கம்: 12 அடி நீளம், அரை அடி ஆழம் என்றால் ஒரு ஜன்னலுக்கு 6 சதுர அடி, இரண்டுக்கும் 12. ஆக மொத்தம் 479.

இதைவிடப் பெரிய மறதி லாஃப்ட். 12 அடி நீளம், 2 அடி ஆழம் உள்ள லாஃப்ட்டின் அடிப்பக்கம் 24 சதுர அடி, மேல்பக்கம் 24, முன்விளிம்பு 3 அங்குலம் என்றால் 3 சதுர அடி. மொத்தம் 51. கிட்டத்தட்ட சீலிங்கில் மூன்றில் ஒரு பங்கு! லாஃப்ட்டுக்கு வழக்கமாக வெள்ளைதான் அடிப்பார்கள் என்பதால் அதைச் சீலிங்கோடு சேருங்கள்: 168+51 = 219 சதுர அடி வெள்ளை.

டப்பாவில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது

நீங்கள் செய்த இரண்டாவது பிழை இங்கே. டப்பாவில் உள்ள 120–140 இரண்டு கோட்டிங்குக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. மறுபடி இரட்டிப்பாக்கத் தேவையில்லை. ஆனால் எல்லா டப்பாவிலும் இப்படி இருக்காது. சிலவற்றில் ஒரு கோட்டிங்குக்கான பரப்பு இருக்கும், பிரைமர் டப்பாக்களில் பெரும்பாலும் அப்படித்தான். எத்தனை கோட்டிங்குக்கு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதியோ இரட்டிப்போ ஆகிவிடும்.

அந்த எண்ணும் வழவழப்பான, ஏற்கெனவே பிரைமர் அடித்த சுவருக்கானது. அதனால் வரம்பின் கீழ் எண்ணான 120-ஐ வைத்துக் கணக்குப் போடுவதே பாதுகாப்பு. சொரசொரப்பான சுவர் என்றால் அதிலும் 20, 30 சதவீதம் குறையும். மேடு பள்ளங்களின் பக்கங்களையும் பெயின்ட் மூட வேண்டுமே. கடைசியில் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். ரோலரிலும் தட்டிலும் ஒட்டி வீணாவது மட்டுமே ஒவ்வொரு நிறத்துக்கும் 100–200 மில்லி போய்விடும்.

“தண்ணீர் கொஞ்சம் கூட விட்டால் பெயின்ட் நிறைய வரும்” என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைப் பாருங்கள். உதாரணமாக 1 லிட்டர் எமல்ஷனில் காய்ந்த பிறகு சுவரில் தங்கும் திடப்பொருள் 360 மில்லி என்று வைத்துக்கொள்வோம். மீதி தண்ணீர், ஆவியாகிவிடும். அந்த 360 மில்லியை 130 சதுர அடியில், அதாவது சுமார் 12 சதுர மீட்டரில் பரப்பினால் 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தடிமனுக்குப் படலம் நிற்கும். தண்ணீர் விட்டு 200 சதுர அடிக்கு இழுத்தால் 19 மைக்ரான்தான். திடப்பொருள் ஒரு சொட்டும் கூடவில்லை, படலம்தான் மெலிந்தது. பழைய பச்சை அடியில் தெரியும், ஈரத்துணியால் துடைத்தால் நிறம் துணியில் வரும். டப்பாவில் சொன்ன அளவு தண்ணீர் தாராளமாக விடலாம், பரப்புக் கணக்கே அதை வைத்துத்தான். அளவு குவளையால் விட வேண்டும், கண்மதிப்பில் வேண்டாம்.

எந்தச் சுவருக்குப் பிரைமர்?

பெயின்டர் சொன்ன பிரைமர் 10 லிட்டர் எங்கிருந்து வந்தது என்று போட்டுப் பார்த்தேன். கதவு, ஜன்னலைக் கழிக்காமல் சுவர் 520, சீலிங் 168, லாஃப்ட் 51, கூட்டினால் 739. லிட்டருக்கு 80 சதுர அடி என்று வகுத்தால் 9.2 லிட்டர். அதாவது அறை முழுக்கப் புதுப்பட்டி என்று வைத்துக்கொண்டால் அவர் கணக்கு சரி. உங்கள் அறை அப்படி இல்லை. இங்கேதான் ஒவ்வொரு சுவரையும் தனியாக எழுதச் சொன்ன காரணம் வருகிறது: பெயின்ட்டின் அளவைப் பரப்பு தீர்மானிக்கும், பிரைமரின் அளவைச் சுவரின் நிலைமை தீர்மானிக்கும்.

புதுப்பட்டி பார்த்த சுவர்: ஜன்னல் கழித்து, அதன் ஓரம் கூட்டி 130 சதுர அடி. இதற்குப் பிரைமர் கட்டாயம். பட்டி தண்ணீரை வேகமாக உறிஞ்சும். நேரே எமல்ஷன் அடித்தால், அதிலுள்ள தண்ணீரும் பிசினில் ஒரு பகுதியும் பட்டிக்குள் இறங்கிவிடும். மேலே நிற்கும் நிறமிக்குப் பிடிமானம் குறையும். பளபளப்பு திட்டுத்திட்டாக இருக்கும், ரோலர் பட்ட தடம் தெரியும். அண்ணன் சொல்வதுபோல மூன்றாவது கோட்டிங் அடிக்கலாம்தான். ஆனால் முதல் கோட்டிங் அரைகுறையாகப் பிடித்திருக்க, மேலே எத்தனை அடித்தாலும் பிடிமானம் அந்த முதல் கோட்டிங்கின் பிடிமானம்தான். பிரைமர் டப்பாவில் ஒரு கோட்டிங்குக்கு 120 என்று இருந்தாலும் புதுப்பட்டியில் 80 என்றே வையுங்கள்: 130-ஐ 80-ஆல் வகுத்தால் 1.6 லிட்டர். அடிப்பதற்கு முன் உப்புத்தாள் தேய்த்த தூசியைப் பிரஷ்ஷாலும் பிறகு பிழிந்த ஈரத்துணியாலும் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். பட்டித் தூசியின் மேல் அடித்த பிரைமர், சுவரை அல்ல, தூசியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

மெரூன் வரப்போகும் சுவர்: 120 சதுர அடி, பழைய பச்சை. இதற்கும் பிரைமர் வேண்டும், காரணம் வேறு. வெளிர் நிறங்களுக்கு மறைக்கும் சக்தி தருவது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி. அடர்சிவப்பு, மெரூன் போன்றவற்றில் அது மிகக் குறைவு. வெள்ளை கலந்தால் மெரூன் இளஞ்சிவப்பாகிவிடும் என்பதால் சேர்க்கவும் முடியாது. அதனால் இந்த நிறங்கள் அடியில் உள்ளதை எளிதில் மறைக்காது. சாம்பல் நிறம் கலந்த பிரைமர் ஒரு கோட்டிங் அடித்துவிட்டால் மெரூன் நான்கு, ஐந்து கோட்டிங் கேட்காமல் மூன்றில் முடியும். வெள்ளை பிரைமர் இந்தச் சுவருக்கு உதவாது. ரோலர் படாத இடமெல்லாம் பொட்டுப்பொட்டாக வெள்ளை தெரியும். சாம்பல் பிரைமர் 1 லிட்டர், தனி டப்பாவாக.

மீதி இரண்டு பழைய சுவர்கள்: 229 சதுர அடி. இவற்றை நீங்களே சோதித்துப் பாருங்கள். கறுப்புத் துணியால் அழுத்தித் தேயுங்கள். பொடி ஒட்டினால் பழைய பெயின்ட் பொடியத் தொடங்கிவிட்டது, முழுச் சுவருக்கும் பிரைமர் வேண்டும். ஸ்பஞ்சில் தண்ணீர் தொட்டு வையுங்கள். உடனே கறுத்து உறிஞ்சினாலும் அதே முடிவு. தேய்க்கத் தேய்க்கக் கரைந்து வந்தால் அது டிஸ்டெம்பர் (தண்ணீரில் கரையும் மலிவான பூச்சு), கழுவிச் சுரண்டி எடுத்த பிறகே அடுத்த வேலை. கடைசியாக, பிளேடால் சிறு பெருக்கல் குறி கீறி, அதன் மேல் ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று உரியுங்கள். பெயின்ட் டேப்போடு வந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டியே ஆக வேண்டும். எல்லாச் சோதனையிலும் சுவர் தேறிவிட்டால் லேசாக உப்புத்தாள் போட்டு, பட்டி வைத்து ஒட்டுப்போட்ட இடங்களில் மட்டும் பிரைமர் தொட்டால் போதும். அரை லிட்டரில் முடியும். தேறாவிட்டால் 1.9 லிட்டர்.

ஆக வெள்ளை பிரைமர், 10 சதவீதம் கூட்டி, சுவர் நல்ல நிலையில் இருந்தால் சுமார் 2.3 லிட்டர், பொடி ஒட்டினால் சுமார் 3.9 லிட்டர். முதல் வகைக்கு 3, இரண்டாவதற்கு 4 லிட்டர் வாங்குங்கள். சாம்பல் 1 லிட்டர் தனி. சீலிங்கின் பழைய வெள்ளை கெட்டியாக இருந்தால் பிரைமர் வேண்டாம், அந்தக் கறை ஒன்றைத் தவிர. தண்ணீர்க் கறை நீரில் கரையும் தன்மையுள்ளது. தண்ணீர் கலந்த பிரைமரோ எமல்ஷனோ எத்தனை முறை அடித்தாலும் கரைந்து மேலே வந்துகொண்டே இருக்கும். கறையை அடைக்கும் எண்ணெய் வகைப் பிரைமர், இருப்பதிலேயே சிறிய டப்பா ஒன்று வாங்கி, கறையைத் தாண்டி ஒரு சாண் அளவுக்கு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளை அடிக்கச் சொல்லுங்கள்.

அவசரப்பட வேண்டாத சுவர்

உங்கள் கடிதத்தில் அளவைவிட என்னைக் கவலைப்படுத்திய வரி, “கசிவைச் சரிசெய்து பூசி மூன்று வாரம் ஆகிறது, அடுத்த வாரம் பெயின்ட் ஆரம்பிக்கிறோம்” என்பது. பிரைமர் ஓதத்தைத் தடுத்துவிடும் என்று நம்புகிறீர்கள். தடுக்காது. உள்ளே ஈரம் இருந்தால் அது வெளியே வரும்போது சிமென்ட்டிலுள்ள உப்பையும் கூட்டிக்கொண்டு வந்து, படலத்துக்கு அடியில் படிகமாகி, பிரைமரையும் பட்டியையும் சேர்த்தே தள்ளிவிடும். புதுச் சிமென்ட் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் ஆற விடுவது வழக்கம். ஓதம் ஏறியிருந்த சுவருக்கு நாள் கணக்கை மட்டும் நம்ப முடியாது. ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்றை, முன்பு ஓதம் அதிகமாக இருந்த இடத்தில், நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு முழு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தாலோ, அந்த இடம் கறுத்திருந்தாலோ சுவர் இன்னும் காயவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியை ஓடவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். மற்ற மூன்று சுவர்களையும் சீலிங்கையும் இதற்குள் முடித்துக்கொள்ளலாம். கிரீம் முழுவதும் ஒரே டப்பாவில் வருவதால் நிறம் மாறும் பயமும் இல்லை.

பெயின்ட் அளவு

கிரீம்: 359 சதுர அடி, இரண்டு கோட்டிங். 120-ஆல் வகுத்தால் 3 லிட்டர், 10 சதவீதம் கூட்டினால் 3.3. ஒரு 4 லிட்டர் டப்பா. மிஞ்சும் அரை லிட்டருக்கு மேற்பட்டது பின்னால் கீறல், ஆணி ஓட்டை மூட உதவும்.

மெரூன்: 120 சதுர அடி, மூன்று கோட்டிங். ஒரு கோட்டிங்குக்கு லிட்டருக்கு 240 என்று வைத்தால் 1.5, கூட்டினால் 1.65. 2 லிட்டர் வாங்குங்கள். அடர்நிறங்களுக்கான பேஸ் (நிறமி சேர்க்கும் முன் உள்ள பெயின்ட்) டப்பாவில் நிறமி ஊற்ற இடம் விட்டுக் குறைவாகவே நிரப்பியிருப்பார்கள். டப்பாவின் மேல் உள்ள நிகர அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை: 219 சதுர அடி, 1.8 லிட்டர், கூட்டினால் சரியாக 2. இழுபறியான அளவுதான். ஆனால் வெள்ளை நிறம் கலக்காமல் வருவது, குறைந்தால் இன்னொரு லிட்டர் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். கிரீமுக்கும் மெரூனுக்கும் அந்த வசதி இல்லை. இயந்திரத்தில் நிறம் கலந்தது ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் நூலளவு மாறலாம். சுவரின் நடுவில் மாறினால் கண்ணில் படும். அதனால் இவற்றை ஒரே முறையில் வாங்கி, மெரூன் டப்பாக்கள் இரண்டையும் ஒரு பக்கெட்டில் ஊற்றிக் கலந்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள். நிறம் கலந்த டப்பாவைக் கடையில் பொதுவாகத் திரும்ப வாங்க மாட்டார்கள். பிரைமரையும் வெள்ளையையும் மூடி திறக்காமல் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

கதவும் ஜன்னல் கிரில்லும் இந்தக் கணக்கில் சேரவில்லை. மரத்துக்கும் இரும்புக்கும் தனித்தனிப் பிரைமர் உண்டு. சுவர் பிரைமரில் மிஞ்சியதைக் கிரில்லில் பூச விடாதீர்கள், துருப்பிடிக்கும்.

பெயின்டரிடம் என்ன பேசுவது

சுவருக்கு அவர் சொன்ன எமல்ஷன் 10 லிட்டருக்கு எனக்குக் கணக்கு வரவில்லை. நான்கு சுவருக்கும் ஒரே நிறம் என்று நினைத்துப் பெரிய டப்பாவாகச் சொல்லியிருக்கலாம். ஏமாற்றுகிறார் என்ற முடிவோடு பேச்சைத் தொடங்காதீர்கள். “எந்தச் சுவருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். நீங்கள் பார்க்காத ஒன்றை அவர் பார்த்திருக்கலாம். சுவர் பொடிகிறது என்பதை உங்களுக்கு முன்பே கவனித்திருக்கக்கூடும். காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள், சொல்ல முடியாவிட்டால் மேலே உள்ள அளவை வாங்குங்கள்.

கூலி மட்டும் பேசிப் பொருளை நீங்கள் வாங்குவதென்றால், மிஞ்சுவது உங்களுக்கே என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று பொருளோடு சேர்த்துப் பேசினால் ஆபத்து எதிர்ப்பக்கம்: தண்ணீர் கூடும், கோட்டிங் குறையும். அப்போது பிரைமர் எத்தனை கோட்டிங், பெயின்ட் எத்தனை கோட்டிங், எந்த டப்பா என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முத்திரை உங்கள் முன்னால் உடைபடட்டும், காலி டப்பாக்கள் வேலை முடியும்வரை அறையிலேயே இருக்கட்டும். கூலிக்கான அளவை இருவரும் சேர்ந்து எடுங்கள். கூலிக் கணக்கில் கதவு ஜன்னலைக் கழிக்காமல் விடும் பழக்கம் பல பெயின்டர்களிடம் உண்டு. ஓரங்களை நேர்கோட்டில் வெட்டி அடிக்க நேரம் அதிகம் பிடிப்பதால் அதில் நியாயமும் உண்டு. கூலிக்கு 520, பொருளுக்கு 479 என்று இரண்டு எண் வந்தால் குழம்ப வேண்டாம்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய கிரீமையும் மெரூனையும், விளிம்புவரை நிரம்பும் அளவுக்குச் சிறிய டப்பாக்களுக்கு மாற்றுங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஆடை கட்டாது. நிறத்தின் எண்ணையும் அடித்த தேதியையும் மூடியின் மேல் அல்ல, டப்பாவின் பக்கத்தில் எழுதுங்கள். மூடிகள் மாறிப்போகும்.